ஏழுமலையை மறுத்த டேட்டாபேஸ்

போன மாதம் திவ்யா கூப்பிட்டாள். நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த தி.நகர் அலுவலகத்தில் இப்போது அவள்தான் மூத்த புரோகிராமர். என்ன வேண்டும் என்று சொன்னால் கம்ப்யூட்டரே புரோகிராம் எழுதித் தருகிற காலம் இது. ஒரு பதிவுப் பக்கம் கேட்டாளாம். வந்ததைப் பிரித்துப் பார்த்தால் ஒரே விதி மூன்று இடத்தில் எழுதப்பட்டிருந்ததாம்: திரையில் ஒரு தடவை, திரைக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் இருக்கும் நிரலில் ஒரு தடவை, டேட்டாபேஸுக்குள் ஒரு தடவை. மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேறு மாதிரி. எதை வைக்கட்டும், எதை எடுக்கட்டும் அக்கா என்று கேட்டாள். போனிலேயே சொல்ல ஆரம்பித்தேன். வெகுநேரம் பேசியும் ஏழுமலையின் கதை வரை வந்து சேரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன்.

நான் தொழில் கற்றுக்கொண்டதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பி.எஸ்ஸி. கணிதம் முடித்து, தட்டச்சு தெரியும் என்பதற்காக டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்தேன். அலுவலகம் ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில். ஜவுளிக் கடைகளுக்கு ஸ்டாக் புரோகிராம் எழுதுவதில் ஆரம்பித்து, இணையம் வந்தபோது வலைப்பக்கங்கள் எழுதப் பழகினேன். அந்த நாளில் எல்லாமே ஒரே கோப்பில்தான் இருக்கும். எழுத்தின் நிறத்தைச் சொல்லும் வரிக்கு அடுத்த வரியிலேயே டேட்டாபேஸை அழைக்கும் வரி வரும். யாரும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை. பக்கங்கள் பெருகிய பிறகுதான் எது எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வியே வந்தது.

எங்கள் கம்பெனியை நடத்தியவர் கஸ்தூரி மேடம். மயிலாப்பூர் மாட வீதியில் பிறந்து வளர்ந்தவர். ஒரு பெரிய நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டுச் சொந்தமாகத் தொடங்கியவர். நாங்கள் எழுதியதைச் சரிபார்க்கும்போது அவர் திரையைப் பார்க்க மாட்டார். அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு, வரிவரியாக நம்மைத் தமிழில் சொல்லச் சொல்வார். "ஸ்டேட்டஸ் ரெண்டா இருந்தா" என்று நாம் ஆரம்பித்தால், "ரெண்டுன்னா யாரு?" என்று கேட்பார். அந்த ரெண்டு ஒரு மனிதராக மாறும்வரை அடுத்த வரிக்குப் போக விட மாட்டார். தப்பு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. பேனாவை மூடிவிட்டுப் பேசாமல் நிற்பார். அவ்வளவுதான். நமக்கே தெரிந்துவிடும்.

அவருக்கு நம்பிக்கை டேட்டாபேஸின் மேல்தான். திரைகள் மாறிக்கொண்டே இருக்கும், தகவலை வைக்கும் டேபிள் நிலைத்து நிற்கும், காவலை அங்கே போடு என்பார். இதற்கு நேர் எதிர் ஜாஃபர். கூட வேலை பார்த்த ராயப்பேட்டைக்காரர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர், கெட்டிக்காரர். அவருக்கு டேட்டாபேஸ் என்பது துணி வைக்கும் பீரோ. பீரோ கதவைத் திறந்தால் துணி வர வேண்டும், அது நம்மிடம் இந்தச் சட்டையைப் போடாதே என்று சொல்லக் கூடாது என்பார். விதிகள் எல்லாம் நடுவில் உள்ள நிரலில், ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து வேலை பார்த்தேன்.

அடையாற்றில் ஒரு டிரஸ்ட் நடத்தும் டயாலிசிஸ் மையத்துக்கு நாங்கள் சாஃப்ட்வேர் எழுதியிருந்தோம். இலவச மையம். வருகிறவர்களில் பலர் முன்பு ஆற்றோரக் குடியிருப்புகளில் இருந்தவர்கள். பிறகு பெரும்பாக்கம் பக்கம் வீடு கொடுத்து அனுப்பப்பட்டவர்கள். வாரம் மூன்று நாள் பஸ் ஏறி வந்து, நான்கு மணி நேரம் மெஷினில் படுத்திருந்துவிட்டு, மறுபடி பஸ் ஏறிப் போவார்கள். அந்த ஹாலின் பொறுப்பு ரோஸி சிஸ்டர். நாகர்கோவில்காரர். ஹாலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்கும்போதே யார் முகம் வீங்கியிருக்கிறது, யார் நேற்று அதிகம் தண்ணீர் குடித்தார் என்று பார்த்துவிடுவார்.

அங்கே ஒரு விதி மிக முக்கியம். கல்லீரலைத் தாக்கும் பி வகை மஞ்சள் காமாலைக் கிருமி ரத்தத்தில் உள்ளவர்களுக்குத் தனி அறை, தனி மெஷின். அவர்களைப் பொது மெஷினில் ஏற்றவே கூடாது. ஏற்றினால் அடுத்தவருக்குத் தொற்றலாம். முதலில் இந்த விதியை நாங்கள் பதிவுப் பக்கத்தில் எழுதியிருந்தோம். நன்றாகத்தான் இருந்தது. பிறகு, நர்ஸ்கள் கையில் வைத்துக்கொள்ளும் டேப்லெட் கம்ப்யூட்டருக்கு ஒரு பக்கம் கேட்டார்கள். அவசரமாகச் செய்து கொடுத்தோம். பழைய பக்கத்தில் இருந்த விதிகள் எல்லாம் புதிய பக்கத்துக்கு வந்தன, இந்த ஒன்றைத் தவிர. ஒரு நாள் காலை தனி அறைக்குப் போக வேண்டிய ஒருவருக்குப் பொது மெஷின் ஒதுக்கப்பட்டது. படுக்கைக்கு அருகில் அவரைப் பார்த்த ரோஸி சிஸ்டர் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் கஸ்தூரி மேடம் அன்றே முடிவெடுத்தார். இனி எந்த விதியும் பக்கத்தில் கிடையாது, நடுவிலும் கிடையாது. எல்லாம் டேட்டாபேஸுக்குள். ஜாஃபர் வாதாடிப் பார்த்தார். நாளைக்கு இன்னொரு பக்கம் வரும், அதை வேறு யாரோ எழுதுவார்கள், அவர்களுக்கும் நீ இதே பாடத்தை எடுப்பாயா என்று மேடம் கேட்டார். 

ஆக நான் உட்கார்ந்து எழுதினேன். டேட்டாபேஸுக்குள்ளேயே தங்கி, பதிவு வரும்போதெல்லாம் தானாக எழுந்து சரிபார்க்கும் நிரல் அது. தனி மெஷின் விதியோடு மற்றதையும் சேர்த்தேன். ஒருவருடைய ஷிப்டில் இன்னொருவர் ஏறக் கூடாது. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே குறைந்தது ஒரு நாள் இடைவெளி வேண்டும். முறை தவறியவர் அடுத்த வழக்கமான முறைக்குத்தான் வர வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், யார் வந்தாலும், ஒன்று பொருந்தவில்லை என்றாலும் டேட்டாபேஸ் மறுத்துவிடும். மேடம் ஜன்னல் ஓரம் நின்று முழுவதையும் கேட்டார். பேனாவை மூடவில்லை. நீண்ட காலம் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடியது. டிரஸ்ட் இன்னும் இரண்டு மையங்கள் தொடங்கப்போவதாகவும், அந்த வேலையும் எங்களுக்குத்தான் என்றும் பேச்சு இருந்தது.

அந்த வருடம் ஐப்பசியில் அடித்த மழை சென்னையில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பெரும்பாக்கம் பக்கம் தண்ணீர் நின்று பஸ் ஓடவில்லை. ஏழுமலை என்ற நோயாளி அடுத்தடுத்து இரண்டு முறை வர முடியாமல் போனது. கடைசியில் அவர் வந்தபோது அது அவருடைய நாளும் இல்லை, ஷிப்டும் இல்லை. வழியில் கிடைத்த லாரியில் தொற்றிக்கொண்டு மனைவியோடு வந்திருந்தார். கால் வீங்கி, படுக்க முடியாமல், உட்கார்ந்த நிலையிலேயே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். டியூட்டி டாக்டர் வேளச்சேரி தண்ணீரில் மாட்டிக்கொண்டிருந்தார். போனில் கேட்டுவிட்டு உடனே ஆரம்பிக்கச் சொன்னார். மெஷினும் காலியாக இருந்தது, ஏனென்றால் அந்த நேரத்துக்கு வர வேண்டிய பாக்கியம் என்ற அம்மாள் வரவில்லை.

ரோஸி சிஸ்டர் ஏழுமலையின் பெயரைப் பதிந்தார். டேட்டாபேஸ் மறுத்தது. முறை தவறியவர் அடுத்த வழக்கமான முறைக்கு வர வேண்டும் என்று திரையில் வந்தது. மறுபடி பதிந்தார். மறுபடி அதே வரி. பெயர் ஏறினால்தான் ஸ்டோரிலிருந்து ரத்தத்தை வடிகட்டும் டயாலைசர் வெளியே வரும், எடையும் மருந்தளவும் போட்ட தாள் அச்சாகும். அந்த ஏற்பாடும் நாங்கள் செய்ததுதான். எதிரே ஒருவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் பாக்கியத்தின் பெயரில் பதிந்தார். உடனே எல்லாம் திறந்துகொண்டது. அச்சான தாளில் பாக்கியத்தின் எடையை அடித்துவிட்டு ஏழுமலையின் எடையைக் கையால் எழுதி, அவரை மெஷினில் ஏற்றினார். ஏழுமலைக்கு மூச்சு சீரானது.

மதியம் மழை விட்டதும் பாக்கியம் வந்து சேர்ந்தார். அவரைப் பதியப் போனால், இன்று இவருக்கு டயாலிசிஸ் முடிந்துவிட்டது என்றது டேட்டாபேஸ். சிஸ்டர் எனக்குப் போன் செய்தார். பாக்கியத்தின் பெயரில் உள்ள காலைப் பதிவை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். ஏன் என்று கேட்டேன். நடந்ததைச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் ஏழுமலையின் விவரங்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாதாமாதம் எடுக்கும் ரத்தப் பரிசோதனையின் முடிவை, அதற்கு முந்தைய நாள் மாலை லேப் ஏற்றியிருந்தது. பி வகைக் கிருமி இருக்கிறது என்று இருந்தது. மழைக் குழப்பத்தில் மையத்தில் யாரும் அதைப் பார்க்கவில்லை.

உடனே கேட்டேன். "சிஸ்டர், ஏழுமலை படுத்திருந்த மெஷின்ல அடுத்த ஆளை ஏத்திட்டீங்களா?"

"இல்ல மேடம். பாக்கியம்மாவுக்குத்தான் அந்த மெஷின். நாற்காலியில உக்காந்திருக்காங்க. உங்க கம்ப்யூட்டர் விட்டாத்தானே ஏத்த முடியும்."

அந்த மெஷினைத் தொட வேண்டாம் என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன்.  பிறகு சிஸ்டர் யாரிடமோ பாக்கியத்துக்கு வேறு மெஷின் தயார் செய்யச் சொல்வது கேட்டது. ஏழுமலை படுத்திருந்த மெஷினை மூடி வைத்தார்கள், பாக்கியத்தின் பெயரிலிருந்த காலைப் பதிவை நான் ஏழுமலையின் பெயருக்கு மாற்றினேன். டாக்டர் வந்து, ஏழுமலையோடு அந்த வாரங்களில் ஹாலில் இருந்த எல்லோருக்கும் பரிசோதனை எடுக்கச் சொன்னார். முடிவுகள் வரும்வரை எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை. கடைசியில் யாருக்கும் தொற்றவில்லை.

அதற்குள் நான் நடந்ததை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்துவிட்டேன். டேட்டாபேஸ் ஏழுமலையை மறுத்தது சரிதான். அவர் அந்த மெஷினில் ஏறியிருக்கக் கூடாதுதான். ஆனால் அது சொன்ன காரணம் வேறு. என் நிரல் முதல் தடை கிடைத்தவுடன் நின்றுவிடும். முறை தவறியவர் என்ற சின்னத் தடை முன்னால் இருந்தது. கிருமி என்ற பெரிய தடை அதற்குப் பின்னால் இருந்தது. முன்னால் இருந்ததை மட்டும் பார்த்த சிஸ்டர், எந்த நர்ஸும் செய்வதைச் செய்தார். வேறு பெயர் போட்டவுடன் பெரிய தடையும் அர்த்தமில்லாமல் போய்விட்டது.

டிரஸ்டின் செயலாளர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். பொய்ப் பதிவு செய்ததற்காக ரோஸி சிஸ்டரை வேலையை விட்டு அனுப்ப எண்ணியிருக்கிறார், சாஃப்ட்வேர் சரியாக வேலை செய்ததா இல்லையா என்று எங்களிடம் எழுத்தில் கேட்கப் போகிறார் என்று முன்பே தெரிந்திருந்தது. நான் ஒரு பக்க அறிக்கை தயார் செய்திருந்தேன். வடிவமைத்தபடியே இயங்கியது என்று அதில் இருந்தது. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மேடமும் நானும் ஆட்டோவில் போனோம். கோட்டூர்புரம் பாலத்தில் வண்டி நின்று நின்று போனது. கீழே ஆறு செம்மண் நிறத்தில் கரையை முட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. மேடம் கேட்டார்.

"அந்த இடத்துல நீ இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பே வசந்தி?"

"பாக்கியம் பேர்லதான் மேடம் போட்டிருப்பேன்."

அவர் என் கையிலிருந்த அறிக்கையை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

செயலாளர் அறையில் ரோஸி சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். செயலாளர் ஒரே கேள்விதான் கேட்டார். சாஃப்ட்வேர் சரியா வேலை செஞ்சுதா, ஆமாவா, இல்லையா? ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த அறையிலேயே எல்லாம் முடிந்திருக்கும். மேடம் அறிக்கையைப் பையிலிருந்து எடுக்கவில்லை. ஜன்னல் ஓரம் நிற்பதைப் போலவே அங்கேயும் நின்றார். பிறகு சொன்னார்.

"நாங்க எழுதினபடி வேலை செஞ்சுது சார். எழுதினதுதான் சரியில்லை. ஒரு மனுஷன் மூச்சு விடத் தவிச்சுண்டு இருக்கான். அவனுக்கு வைத்தியம் பார்க்கணும்னா பொய் சொல்லித்தான் ஆகணும்னு நாங்க கட்டி வச்சிருந்தோம். இந்தம்மா அதைச் சொன்னா. அவ்வளவுதான்."

செயலாளருக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. யாரையாவது குறை சொல்லிக் கோப்பை மூடலாம் என்று இருந்தவருக்கு, எங்களையே குறை சொல்ல வேண்டியதாகிவிட்டது. சிஸ்டருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து வேலையில் வைத்துக்கொண்டார்கள். அடையாறு மையம் எங்களிடமே இருந்தது. புதிய இரண்டு மையங்களின் வேலை வேறு ஒரு பெரிய கம்பெனிக்குப் போனது. அந்த வேலையை நம்பி மேடம் எடுத்திருந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. 

அதன் பிறகு நடந்ததுதான் திவ்யா கேட்ட கேள்விக்கு என் பதில். மையத்தின் சின்ன அறை ஒன்றில் மேடம், ஜாஃபர், நான், டாக்டர், ரோஸி சிஸ்டர் ஐந்து பேரும் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்தோம். ஒவ்வொரு விதியாக எடுத்து, இதை மீற வேண்டும் என்று எப்போதாவது உங்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறதா என்று கேட்டோம். யாருக்கு என்ன நிறம் பிடிக்கும் என்பது போன்ற கேள்வி இல்லை இது. நிஜமாக நடந்ததைக் கேட்டோம்.

எங்கள் எல்லோருடைய கணக்கும் தப்பியது. ஒரு நாள் இடைவெளி என்பதை மேடம் மாற்றவே முடியாதது என்று நினைத்திருந்தார். சிலருக்கு அடுத்தடுத்த நாள் செய்ய வேண்டி வரும், வாரத்தில் ஒருவராவது அப்படி இருப்பார் என்றார் டாக்டர். எடையைப் பதியாமல் ஆரம்பிக்கவே கூடாது என்று ஜாஃபர் நினைத்திருந்தார். எழுந்து நிற்க முடியாதவரை எப்படி எடை பார்ப்பீர்கள் என்று சிஸ்டர் கேட்டார். நாங்கள் யாரும் யோசித்தே இராத ஒன்றையும் அவர் சொன்னார். காலை ஷிப்டில் லட்சுமி என்ற பெயரில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் இருக்கிறார்கள், தாள் மாறிவிடுமோ என்று தினமும் தனக்குப் பயம் என்றார்.

மாலையில் எழும்போது, எந்தச் சூழ்நிலையிலும் யாரும் மீறக் கூடாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டவை மிகச் சிலவே. கிருமி உள்ளவர் பொது மெஷினில் ஏறக் கூடாது. ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு மெஷினில் இருக்கக் கூடாது. முடிந்த டயாலிசிஸின் பதிவை யாரும் அழிக்கக் கூடாது, தப்பு இருந்தால் புதிதாக ஒரு திருத்தம் எழுதலாம். இவை மட்டும் டேட்டாபேஸுக்குள் தங்கின. எந்தப் பக்கம் வந்தாலும், யார் எழுதினாலும், மறந்தாலும், அவை அங்கே நிற்கும்.

ஷிப்ட், இடைவெளி, தவறிய முறை போன்றவை நடுவில், ஜாஃபர் கேட்டபடி ஒரே இடத்துக்குப் போயின. ஒவ்வொரு பக்கமும் அந்த இடத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அது முதல் தடையோடு நிற்காது. என்னென்ன பொருந்தவில்லை என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்லும், பெரியதை முதலில் சொல்லும். மீற வேண்டும் என்றால் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போல உங்கள் பெயரைப் போட்டுவிட்டு மேலே போகலாம். திரையில் மிஞ்சியது குறிப்புகள் மட்டும். இரண்டு லட்சுமிகளின் பெயரும் அடுத்தடுத்து வந்தால் படத்தோடு காட்டுவது போல. மேடமும் ஜெயிக்கவில்லை, ஜாஃபரும் ஜெயிக்கவில்லை. டேட்டாபேஸுக்குள் நான் எழுதியதில் பெரும்பகுதியை நானே அழித்தேன். எழுதியதைவிட அழிக்கத்தான் அதிக நாள் பிடித்தது.

இதற்கு நடுவில் ஏழுமலை தனி அறைக்கு மாற்றப்பட்டார். மாற்றிய பிறகு ஒரு முறை வரவில்லை. அவருடைய மனைவி மட்டும் வந்தார். புதிய பக்கத்தைச் சோதிக்க நான் அன்று அங்கே இருந்தேன். கழுத்தில் அடையாள அட்டையோடு நின்ற என்னை ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்துக் கேட்டார்.

"இன்னாம்மா, எங்கூட்டுக்காரர இன்னாத்துக்கு ஒதுக்கி வெச்சிட்டீங்கோ? வூட்ல சுவத்தப் பாத்து உக்காந்துக்கினு கீறாரு. வர மாட்டேன்றாரு."

சிஸ்டர் அவரை உட்கார வைத்து, கிருமி என்பது என்ன, தனி அறை ஏன், அது ஏழுமலை செய்த குற்றம் இல்லை என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நாங்கள் டேட்டாபேஸில் எழுதியிருந்த வாசகம், இந்த நோயாளிக்கு இந்த மெஷின் அனுமதி இல்லை என்பது. அதைத்தான் யாரோ ஒரு புதிய நர்ஸ் திரையைப் பார்த்து அப்படியே ஏழுமலையிடம் படித்திருக்கிறாள். விதி சரியான இடத்தில்தான் இருந்தது. அது பேசிய விதம்தான் சரியில்லை. அன்று சிஸ்டரிடம் கேட்டு அந்த வாசகத்தை மாற்றினேன். இவருக்கு உள் அறை மெஷின் தயாராக உள்ளது, அழைத்துச் செல்லவும் என்று. ஏழுமலை அடுத்த முறை வந்தார். உள் அறையில் ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பேசத்தான் ஆள் இல்லை என்று சிஸ்டரிடம் குறைப்பட்டுக்கொண்டாராம்.

புதிய ஏற்பாடு ஓட ஆரம்பித்த முதல் வாரத்தில், ரோஸி சிஸ்டர் எனக்குப் போன் செய்தார். ஒரு ஷிப்டைத் தள்ளிப் போட வேண்டியிருந்ததாம். காரணம் எழுதும் கட்டம் திறந்திருக்கிறதாம்.

"மேடம், இதுல நிஜத்தை எழுதலாமா?"

எழுதத்தானே வைத்திருக்கிறோம், என்ன காரணம் என்று கேட்டேன்.

"டாக்டர் லேட்டா வந்தார்."

அப்படியே எழுதுங்கள் என்றேன். அவர் எழுதினார். அதற்குப் பிறகு டாக்டர் நேரத்துக்கு வர ஆரம்பித்தார் என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்று அந்த ஷிப்ட் எதனால் தள்ளிப் போனது என்பது அந்த டேபிளில் இருந்தது, நோயாளிகள் அவரவர் பெயரில், காரணம் எழுதியவர் பெயரோடு.